யார் யாரோ கைவைத்த வண்டி

நான் வாங்கிய 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100-இன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஃபில்டர் இல்லை. பழைய பனியன் துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். சைலன்சரின் வால் பக்கம் இருக்கவேண்டிய உள்குழாயைக் காணோம். ஆயில் பம்பிலிருந்து வரும் ரப்பர் குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் எந்த வண்டியுடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பது வருடம், நான்கு சொந்தக்காரர்கள், ஆளுக்கொரு கைவரிசை. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “வண்டி நல்லாத்தான் இருந்திருக்கும் தம்பி. கைவச்சுக் கைவச்சே கெடுத்திருக்கானுங்க” என்றார்.

பழைய வண்டியை வீட்டில் வைத்துச் சரிசெய்வது என்றதும் துரு, பெயிண்ட், குரோம் என்றுதான் நினைப்பு ஓடும். ஆர்எக்ஸ் 100-இல் வேலையின் பெரும்பகுதி, முன்னால் வைத்திருந்தவர்கள் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கழற்றுவதில் போகிறது. இந்த வண்டியில் ஏன் இத்தனை கைகள் பட்டன, பட்ட கைகள் ஏன் பெரும்பாலும் கெடுத்தன என்பதற்கான காரணம் அதன் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

1980-களின் நடுவில் ஜப்பான் நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளோடு சேர்ந்து வரிசையாக 100 சிசி வண்டிகளை இறக்கின. ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி வந்தது. ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, கவாஸாகி பஜாஜ் வந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா 1985 இறுதியில் கொண்டுவந்ததுதான் ஆர்எக்ஸ் 100. 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. அதே காலத்து சிடி 100-க்கு ஏழு குதிரைத்திறன்தான். அது ஃபோர் ஸ்ட்ரோக், மைலேஜுக்காக வாங்கப்பட்ட வண்டி. ஆர்எக்ஸை வாங்கியவர்கள் மைலேஜ் கேட்கவில்லை. கிளட்சை விட்டதும் முன்சக்கரம் லேசாகும் அந்தக் கணத்துக்காக வாங்கினார்கள். 1996-இல் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் உற்பத்தி நின்றது. 132 சிசி தம்பி ஆர்எக்ஸ் 135 இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தது. ஆக, இன்று கைக்குக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 100-களில் மிக இளையதற்கே முப்பது வயதை ஒட்டியாகிவிட்டது. நல்ல நிலையில் இருப்பது லட்சத்தைத் தாண்டி விலைபோகிறது. அந்த விலைக்கு ஆசைப்பட்டுத்தான் இப்போது பட்டி பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்து விற்கும் கூட்டமும் பெருகியிருக்கிறது. மேல்பூச்சைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள், வாங்கிய மறுமாதமே எஞ்சினைப் பிரிப்பார்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் வால்வுகளும் கேம் ஷாஃப்டும் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியில் இருக்கும் கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, மெல்லிய ரீட் இதழ்கள் திறந்து, கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுந்தி, சிலிண்டர் சுவரில் குடைந்திருக்கும் வாய்கள் வழியாக மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் எரிந்த புகை வெளியேறும் வாயும் திறந்தேதான் இருக்கிறது. புதிய கலவை உள்ளே வரும்போதே வெளியே போகவும் வழி திறந்து கிடக்கிறது! இந்த ஓட்டை எஞ்சின் 11 குதிரைத்திறன் தருவதற்குக் காரணம் சைலன்சர்.

வெளியிலிருந்து பார்த்தால் குரோம் பூசிய நீளக் குழாய். உள்ளே அது முதலில் விரிந்து பிறகு சுருங்கும் கூம்பு. புகை வாய் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. விரியும் பகுதியில் அது உறிஞ்சும் விசையாகத் திரும்பி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுக்கிறது. சுருங்கும் பகுதியில் முட்டி, எதிர்த்திசையில் தள்ளும் விசையாகத் திரும்பி வந்து, வெளியே தப்பி ஓடப்பார்த்த புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளி அடைக்கிறது. 7,500 சுற்றில் கிராங்க் ஒரு முறை சுழல 8 மில்லி விநாடி ஆகும். புகை வாய் திறந்திருப்பது அதில் ஏறக்குறைய பாதி நேரம். சூடான புகையில் அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். தோராயக் கணக்குப் போட்டால், 4 மில்லி விநாடியில் போய்த்திரும்ப 2 மீட்டர், ஒரு வழிக்கு ஒரு மீட்டர். அந்தக் குழாய் ஏன் பின்சக்கரம் வரை நீள்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. எஞ்சினின் இன்னொரு வால்வு என்று அதைச் சொன்னால் தப்பில்லை.

இப்போது அந்தக் குழாயின் வாலைச் சதக்கென்று வெட்டி, உள்குழாயை உருவி எறிகிறவரை நினைத்துப்பாருங்கள். சத்தம் கூடுகிறது, கூடிய சத்தம் கூடிய வேகம்போலத் தோன்றுகிறது. பின் அழுத்தம் குறைவதால் கலவையில் பெட்ரோல் குறைந்து அது மெலிகிறது. மெலிந்த கலவை சூடாக எரியும். அந்தச் சூட்டோடு நாற்கரச் சாலையில் ஒரு மணி நேரம் முறுக்கினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஏர் ஃபில்டரைக் கழற்றினாலும் இதேதான் நடக்கும், கூடவே புழுதியும் உள்ளே போகும். என் வண்டியில் ஃபில்டர் இல்லாத குறையை யாரோ பெரிய ஜெட் போட்டு ஈடுகட்டப் பார்த்திருக்கிறார்கள், பெரிய ஜெட்டால் வந்த புகையைக் குறைக்க இன்னொருவர் ஆயிலைக் குறைத்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போன கதை.

ஆயில் பம்ப் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஊரெங்கும் ஒரு தவறான பெருமை ஓடுகிறது. யமஹா ஆட்டோலூப் என்று பெயரிட்ட இந்த ஏற்பாட்டில், பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலுக்குத் தனி டேங்க். கிராங்கோடு சுழலும் சிறு பம்ப், ஆக்சிலரேட்டர் கேபிளோடும் இணைந்திருப்பதால், முறுக்குக்கு ஏற்றாற்போல் ஆயிலைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும். பம்பை நம்ப முடியாது என்று சொல்லி அதை அடைத்துவிட்டு, பெட்ரோலிலேயே லிட்டருக்கு 25 மில்லி கலந்து ஓட்டுவது பரவலான பழக்கம். பந்தய வண்டிகளில் அது சரி, அவை எப்போதும் முழு முறுக்கில் ஓடுபவை. ஊருக்குள் ஓடும் வண்டியில் மெதுவாகப் போகும்போது அந்த அளவு அதிகம். கரி படியும், சைலன்சர் அடைக்கும், பிளக் நனையும். மலைச் சாலையில் ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது நிலைமை தலைகீழ்: பெட்ரோல் போகாததால் ஆயிலும் போகாது, சுற்று மட்டும் குறையாது. பம்ப் இருந்திருந்தால் அப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். பம்ப் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் காய்ந்து வெடித்த ரப்பர் குழாயும் சரியாக அளவு வைக்காத கேபிளும்தான் குற்றவாளிகள். ஆயிலை நிரப்ப மறந்தவர்களும் பழியைப் பம்ப் மேல்தான் போடுவார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? எல்லோரும் டேங்க்கைக் கழற்றிப் பெயிண்ட் கடைக்கு அனுப்புவதில் தொடங்குகிறார்கள். நான் ஆர்சி புத்தகத்தில் தொடங்கச் சொல்வேன். ஸ்டியரிங் கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணையும் எஞ்சினில் குத்தியிருக்கும் எண்ணையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகுதான் பணம் கைமாற வேண்டும். எண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி குத்திய வண்டிகள் உண்டு. ஒன்றில் எழுத்து சாய்ந்திருக்கும், இல்லையென்றால் சுற்றியிருக்கும் உலோகம் பள்ளமாக இருக்கும். அந்த வண்டியை எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் அது உங்கள் வண்டி ஆகாது.

அடுத்தது, எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே செய்யவேண்டிய ஒரு சோதனை. நம்மூர்ப் பட்டறைகளில் இதை அதிகம் செய்வதில்லை, ஆனால் வீட்டில் எளிதாகச் செய்யலாம். கிராங்க் அறை காற்றுப்புகாமல் இருந்தால்தான் டூ ஸ்ட்ரோக் மூச்சுவிடும். அதைக் காப்பவை இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல்கள், முப்பது வருடத்தில் கட்டையாக இறுகியிருப்பவை. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பிளக் துளை வழியாக சைக்கிள் பம்பும் ஒரு மீட்டரும் வைத்து 6 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்றேற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும். முள் சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். இடப்பக்கம் மேக்னெட்டை ஒட்டிய சீல் ஓட்டையானால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை மெலியும், ஐடிலிங் தானாக ஏறும். வலப்பக்கம் கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் நுரை வராது. அங்கே கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை கக்கும், ஆயில் அளவு மாயமாகக் குறைந்துகொண்டே போகும். சீல் விலை சொற்பம். இதைப் பார்க்காமல் புது பிஸ்டன் போட்டவர்கள் ஆறு மாதத்தில் இன்னொரு புது பிஸ்டன் போடுவார்கள்.

பிஸ்டனுக்கு வருவோம். கம்பெனி அளவில் சிலிண்டர் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்து 0.25 மில்லிமீட்டர் பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போடுவது முதல் போர், பிறகு 0.50, 0.75, 1.00. கடைசி அளவு வரை போனாலும் கொள்ளளவு 98-லிருந்து 102 சிசிதான் ஆகிறது. ஆகவே ‘போர் பண்ணினால் பிக்கப் கூடும்’ என்பதில் ஒன்றுமில்லை. தேய்ந்ததைச் சரிசெய்ததால் வரும் பிக்கப் அது. வண்டி வாங்கும்போது எத்தனையாவது போரில் இருக்கிறது என்று கேட்பது, மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்கு அளவுதான். வீட்டில் இது முடியாது, உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கவும் முடியாது. பிஸ்டனை முதலில் வாங்கி அதைக் கையோடு லேத்துக்குக் கொண்டுபோய், ‘இந்தப் பிஸ்டனுக்குப் போர் அடிங்க, ஹோனிங் முடிச்சுக் கொடுங்க’ என்று சொல்ல வேண்டும். கிராங்க்கும் அப்படித்தான்: கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் ஆட்டம் தெரிந்ததென்றால் பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போயாக வேண்டும். கோவைப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், தெருவுக்கொரு நல்ல லேத் அங்கே உண்டு. சென்னைக்காரர்களுக்குப் பழைய பாகம் தேட புதுப்பேட்டை, புதியது வாங்க ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் கம்பெனி சிலிண்டர் ஒன்று முதல் போரில் கிடைத்தால், டப்பாவில் வரும் பெயர் தெரியாத புது சிலிண்டரைவிட அதையே எடுங்கள்.

போர்ட்டிங் என்று ஒன்று உண்டு. சிலிண்டர் சுவரில் இருக்கும் வாய்களைக் கிரைண்டரால் உயர்த்துவது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாள்களிலிருந்தே டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குச் செய்யப்படும் வேலை, அறிந்தவர் கையில் அது ஒரு கலை. புகை வாயை உயர்த்தினால் சக்தி மேல் சுற்றுகளுக்கு நகரும். அதற்கேற்ற சைலன்சர், ஜெட், கியர் எல்லாம் சேர்ந்து மாறினால்தான் பலன். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியில் அதைச் செய்தால் இருக்கும் இழுவையும் போய், பெட்ரோல் மட்டும் கொட்டும். வாயை அகலப்படுத்திவிட்டால் பிஸ்டன் ரிங் அதன் விளிம்பில் மாட்டி ஒடியும். வெட்டிய உலோகத்தை ஒட்டவைக்க வழியில்லை என்பதால், நான் வண்டி பார்க்கப் போனால் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து அந்த வாயைத்தான் முதலில் பார்ப்பேன்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் பெட்ரோல் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பதில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், 1985-இல் அளவு வைத்த ஜெட்டுக்குக் கலவை தானாகவே மெலிகிறது. எனவே மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிப் பார்ப்பதில் தவறில்லை. அளந்து பார்க்க வீட்டில் கருவி வேண்டாம், பிளக் போதும். நன்றாக முறுக்கி ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றினால் பிஸ்கட் நிறம் தெரிய வேண்டும். வெள்ளை என்றால் கலவை மெலிவு, கறுத்து ஈரமாக இருந்தால் செறிவு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். பெட்ரோல் குழாய், டேப்பில் இருக்கும் வாஷர், கார்புரேட்டர் மிதவை அறையின் ரிங் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்த வேண்டும்.

டேங்க்கின் உள் துருவுக்குச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் போதும். ஓரிரவு வைத்து, சோடா உப்புத் தண்ணீரால் கழுவி, உடனே காயவைத்து, 2டி ஆயிலைச் சுழற்றி ஊற்றிவிடலாம். உள்ளே நட்டு, ஜல்லி போட்டுக் குலுக்குகிறவர்கள் கடைசியில் எண்ணிக்கை சரிபார்க்க மறக்கக் கூடாது. காலி டேங்க்கில் பெட்ரோல் ஆவி நிற்கும், அதன் அருகே வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

எஞ்சினின் மூச்சைத் தொடாத மாற்றங்களில் எனக்கு முழுச் சம்மதம். ஒயரிங்கை முழுசாகப் புதிதாக இழுப்பது நல்லது. ஒட்டுப்போட்ட டேப்புகளைப் பிரித்துக்கொண்டிருப்பதைவிட அது மலிவு. முன்பக்கம் இருப்பது டிரம் பிரேக், அதைக் குறைசொல்வது வழக்கம். பெரும்பாலான வண்டிகளில் டிரம் வட்டம் தப்பியிருக்கும், லைனிங் பளிங்குபோல் ஆகியிருக்கும், கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கும். மூன்றையும் சரிசெய்தால் இந்த எடைக்கு அந்த பிரேக் போதுமானது. டயர் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும். பின்னால் தடித்த டயர் மாட்டினால் பார்க்க மிடுக்காக இருக்கும், வளைவில் மட்டும் வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பலருக்குத் தெளிவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் பதிந்த விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. சத்தமும் புகையும் வரம்பு மீறினால் அபராதம் 10,000 வரை போகும். ஆர்எக்ஸ் 135 எஞ்சினை 100-இன் சேசிஸில் தூக்கி வைப்பது ஊரறிந்த வழக்கம், ஆனால் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அது காகிதத்தில் வேறொரு வண்டி. பதிவு 15 ஆண்டுக்கு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வயது கடந்த இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். புதுப்பிக்கப் போகும்போதுதான் வெட்டிய சைலன்சரும் வேறு எஞ்சினும் ஆய்வாளர் கண்ணில் படும். வீட்டுப் பரணில் கம்பெனி சைலன்சரைப் பத்திரமாக வைத்திருந்து அன்று மட்டும் மாட்டிப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

2021-இல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. 50 வயது கடந்திருக்க வேண்டும், சேசிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். முதன்முதலில் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு அந்த வயது 2035-இல்தான் ஆகும். அப்போது எத்தனை வண்டி அசலாக மிஞ்சியிருக்கும் என்பது இப்போது கையில் கிரைண்டர் வைத்திருப்பவர்களைப் பொறுத்தது.

பெயிண்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எஞ்சின் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி, பிளக் நிறம் சரியாக வந்த பிறகு, டேங்க்கைக் கழற்றி ஓரத்தில் ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே இருந்தது மினுமினுப்பில்லாத கறுப்பு. அதன் கீழ் மஞ்சள். அதற்கும் கீழே ஸ்டிக்கர் பசையோடு இன்னொரு கறுப்பு. ஆர்சி புத்தகத்தில் நிறம் சிவப்பு என்றுதான் எழுதியிருந்தது. டேங்க்கின் அடிப்பக்கம், சீட் மூடும் இடத்தில், யார் கையும் படாத ஓர் அங்குலத்தில் அந்தச் சிவப்பு இருந்தது. அதைத் தேய்க்காமல் அப்படியே விட்டு, டேங்க்கை மடியில் வைத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய், அதைக் காட்டித்தான் நிறம் கலக்கச் சொன்னேன்.